பச்சைக் கட்டைக்கு வைத்த பொட்டு

என்னைப் பேசக் கூப்பிட்டவர்களே, எந்தப் படத்தைக் காட்டக் கூடாது என்பதையும் சொல்லிவிட்டார்கள். திருவள்ளூர்ப் பக்கத்தில் ஒரு கல்லூரி. காட்சித் தொடர்பியல் மாணவர்களுக்கு 'அமெரிக்கப் புகைப்படக் கலைஞர்களும் சமூக மாற்றமும்' என்று ஒரு கருத்தரங்கம். அமெரிக்கப் புகைப்படக்காரர் ஒருவரோடு நான்கு மாதம் வேலை செய்தவன் இந்த வட்டாரத்தில் நான்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மேடை ஏறுவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது துறைத் தலைவர் என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

"சார், அந்தப் பச்சை மெஷின் படம் மட்டும் வேணாம். கும்மிடிப்பூண்டி கம்பெனிங்கதான் நம்ம பசங்களுக்கு வேலை குடுக்கறாங்க. அமெரிக்காகாரங்க எடுத்தத எத்தன வேணா காட்டுங்க, யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

அதாவது, நூறு வருடத்துக்கு முன்னால் அமெரிக்க நூற்பாலையில் வேலை செய்த குழந்தையைக் காட்டலாம். அதைப் பார்த்து எல்லோரும் உச்சுக் கொட்டலாம், மதியம் பிரியாணி சாப்பிடலாம். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத் தூரத்தில் நடந்ததைக் காட்டினால் மட்டும் பேஜாரு. நான் பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். எனக்கென்று வாங்கி வைத்த சால்வை இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது.

பஸ் நிறுத்தம் வரைக்கும் ஒரு மாணவி கூடவே வந்தாள். "சார், போட்டோகிராபர் நடுநிலையா இருக்கணும்னுதானே சார் எங்களுக்குச் சொல்லிக் குடுக்கறாங்க?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தொடங்கும்போதே ஊத்துக்கோட்டை பஸ் வந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் முனுசாமி. கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே ஒரு காலனியில் பிறந்தவன். நைனாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள். அந்தக் கழனி தொழிற்பேட்டை ஆனபோது நிலத்துக்காரர்களுக்குப் பணம் வந்தது, எங்கள் நைனாவுக்கு வாட்ச்மேன் வேலை வந்தது. பத்தாவது முடித்ததும் திருவள்ளூரில் வரதன் சார் ஸ்டுடியோவில் சேர்ந்தேன். தரை துடைத்தது, டிரே கழுவியது, முதல் பிலிமை வெளிச்சத்தில் திறந்து வசவு வாங்கியது எல்லாம் எனக்கும் உண்டு. எல்லா ஸ்டுடியோக்காரனும் சொல்லும் கதைதான் அது, விட்டுவிடலாம்.

வரதன் சாரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கோயில் கைங்கர்யக் குடும்பம். அண்ணன் தம்பிகள் எல்லாம் சன்னதியில் இருக்க, இவர் மட்டும் உற்சவரைப் படம் எடுக்கப் போய் அப்படியே கேமராவோடு வெளியே வந்துவிட்டார் என்று வீட்டில் கேலி செய்வார்களாம். யார் வந்து உட்கார்ந்தாலும், பாஸ்போர்ட் போட்டோவாக இருந்தாலும், "கண்ணை மூடிக்கோங்கோ. நான் சொன்னா திறங்கோ" என்பார். திறந்த அந்த நொடியில் கிளிக் விழும். அவர் எடுத்த அடையாள அட்டைப் படங்களில் யாருமே மிரண்ட முகத்தோடு இருக்க மாட்டார்கள். என்னைத் திட்டியதே கிடையாது. கோபம் வந்தால் எனக்கு மரியாதை கூடும். "முனுசாமி, நீங்கோ கொஞ்சம் வாங்கோ" என்று கூப்பிட்டால் நான் ஏதோ தப்புச் செய்திருக்கிறேன் என்று அர்த்தம்.

பிலிம் கழுவி வந்ததும் ஆறு ஆறாக வெட்டி, பட்டர் பேப்பர் உறையில் போட்டு, எண் எழுதுவோம். அதே எண்ணை டெலிவரி நோட்டில் பதிவோம். எந்த நாள், எந்த இடம், என்ன படம், வாங்கிப் போனது யார், கையெழுத்து. கடைசிக் கட்டம் நிரம்பாமல் ஸ்டுடியோவிலிருந்து ஒரு துண்டு பிலிமும் வெளியே போகாது. அவர் அண்ணனே வந்தாலும் கையெழுத்துதான். இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். "படத்துல இருக்கறவா வந்து கேட்டா பிரிண்ட் இல்லேன்னு சொல்லப்படாது. காசு குடுத்தது எவனா வேணா இருக்கட்டும். மூஞ்சி அவாளோடதுதானே?"

தொழிற்பேட்டை வளர்ந்ததும் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் ரோட்டில் ஒரு கிளை திறந்து என்னிடம் கொடுத்தார். அடையாள அட்டை, பாதுகாப்பு வார விழா, வெளிநாட்டுக்காரர் வருகை, ஆயுத பூஜை என்று கம்பெனி வேலைதான் முக்கால்வாசி.

அந்தக் கடைக்குத்தான் அந்த அமெரிக்கப் புகைப்படக்காரர், எலன், வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நல்ல உயரம், முழங்கால் வலி, காலில் ரப்பர் செருப்பு. கழனியை விட்டுக் கம்பெனிக்குப் போன ஜனங்களைப் படம் எடுத்துப் புத்தகம் போடப் போவதாகச் சொன்னார். வழிகாட்டவும் பேச்சை மொழிபெயர்க்கவும் ஆள் வேண்டும். என் பத்தாம் வகுப்பு இங்கிலீஷையும் இரண்டு கைகளையும் வைத்து நான்கு மாதம் சமாளித்தேன். காட்டுப்பள்ளிக் கடற்கரையிலிருந்து எளாவூர் செக்போஸ்ட் வரைக்கும் என் ஸ்கூட்டரின் பின்சீட்டில்தான் அந்த அம்மா சுற்றினார்.

அவர் வேலை செய்யும் விதம் எனக்கு முதலில் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஒரு இடத்துக்குப் போனால் அரை நாள் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே மாட்டார். சும்மா உட்கார்ந்திருப்பார், டீ குடிப்பார். அப்புறம் கேட்பார்: உங்களைப் படம் எடுக்கலாமா? சரி என்றால் நாலைந்து படம், அவ்வளவுதான். எடுத்த உடனே நோட்டைத் திறப்பார். பெயர், வயது, ஊர், என்ன வேலை, அவர்கள் சொன்னது என்ன. இங்கிலீஷில் அவர் எழுதுவார், கீழே தமிழில் என்னை எழுதச் சொல்வார். பெயர் இல்லாமல் படத்தை வைத்துக்கொள்வது அந்த ஆளிடமிருந்து எதையோ எடுத்துக்கொண்டு ஓடுவதற்குச் சமம் என்பது அவர் கட்சி.

லாட்ஜ் அறையில் அவர் மேஜை மேல் நாலைந்து பெரிய புத்தகங்கள் இருந்தன. அமெரிக்கப் புகைப்படக்காரர்களை அங்கேதான் நான் பார்த்தேன். ஒருவர், தீயணைப்பு ஆய்வாளர் என்றும் பைபிள் விற்பவர் என்றும் சொல்லிக்கொண்டு ஆலைகளுக்குள் நுழைந்தவர். குழந்தையின் உயரத்தைத் தன் கோட்டு பித்தான்களோடு ஒப்பிட்டு, பாக்கெட்டுக்குள் கை விட்டபடியே குறிப்பு எழுதிக்கொள்வாராம். சட்டம் மாறியதில் அந்தப் படங்களுக்கும் பங்கு உண்டு என்றார் எலன். இன்னொருவர் கறுப்பர். அரசாங்கக் கட்டடத்தில் தரை துடைக்கும் பெண்ணின் கையில் துடைப்பத்தைக் கொடுத்து, நாட்டின் கொடிக்கு முன்னால் நிறுத்தி எடுத்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு எங்கள் சித்தி நினைவுக்கு வந்தாள். அவளும் ஒரு அலுவலகத்தில் பெருக்குகிறவள்தான்.

பஞ்ச காலத்தில் ஜனங்களைப் படம் எடுக்க அமெரிக்க அரசாங்கமே ஆட்களை அனுப்பியதாம். வந்த நெகட்டிவ்களில் மேலதிகாரி தனக்குப் பிடிக்காததை எல்லாம் துளை போட்டுக் கெடுத்துவிடுவாராம். அப்படி ஒரு படமும் அந்தப் புத்தகத்தில் இருந்தது. ஒரு ஆள் நிற்கிறான், முகத்தில் கறுப்பாக ஒரு ஓட்டை. "இவ்ளோ பெரிய நாட்டுலயும் இப்டித்தானா?" என்று கேட்டேன். எலன் சிரித்தார்.

இதையெல்லாம் கற்றுக்கொடுத்த எலன் மேல்தான் எனக்குக் கோபமும் வந்தது. இரண்டு வருடம் கழித்துப் புத்தகம் பார்சலில் வந்தது. காட்டுப்பள்ளியில் மீன் காயவைத்துக்கொண்டிருந்த கன்னியம்மாவின் படம் முழுப் பக்கத்துக்கு. பெயரை நோட்டில் எழுதியவனே நான்தான். புத்தகத்தில் 'மீன் காயவைக்கும் பெண், தென்னிந்தியா' என்று போட்டிருந்தது. தென்னிந்தியாவில் மீன் காயவைக்கும் பெண்கள் எத்தனை ஆயிரம் பேர்? அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று பக்கம் கடிதம் எழுதினேன். பதிப்பாளர் பெயரை எடுத்துவிட்டார், மன்னித்துக்கொள் என்று பதில் வந்தது. வெள்ளைக்காரியாக இருந்தாலும் ஒத்துக்கொண்டாளே என்று நண்பர்கள் சொன்னார்கள். மன்னிப்பைக் கன்னியம்மாவிடம் அல்லவா கேட்க வேண்டும்? கேட்பதற்கு அந்த அம்மாவின் பெயரே புத்தகத்தில் இல்லையே! அன்றிலிருந்து, யார் பணம் கொடுத்து எடுத்த படமாக இருந்தாலும், அதில் இருக்கும் ஒவ்வொரு ஆளின் பெயரையும் கேட்டு டெலிவரி நோட்டில் எழுதத் தொடங்கினேன்.

இனி அந்தப் பச்சை மெஷினுக்கு வருகிறேன். அது ஒரு பிரஸ் கம்பெனி. தகட்டை வைத்து அழுத்தி வண்டி பாகம் செய்வார்கள். பெயரைச் சொல்லாதது பயத்தால் அல்ல, அது இப்போது வேறு ஆட்கள் கையில் வேறு பெயரில் நடக்கிறது. அவர்களை இழுப்பது நியாயமில்லை.

பவர் பிரஸ் என்பது தலைக்கு மேலிருந்து இறங்கும் இரும்பு. அதனால்தான் அதில் இரண்டு சிவப்புப் பொத்தான்கள், இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. இரண்டு உள்ளங்கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் இரும்பு இறங்கும். இரண்டு கையும் பொத்தான் மேல் இருக்கும்போது எந்தக் கையும் உள்ளே மாட்டாது. ஆனால் இரண்டு கையையும் பொத்தானில் வைத்தால் வேலை மெதுவாகும். ஆகவே பல கம்பெனிகளில் இடது பொத்தானை அழுத்திவிட்டு, அதற்கும் அதைச் சுற்றியிருக்கும் வளையத்துக்கும் நடுவே ஒரு மரக் கட்டையைச் செருகிவிடுவார்கள். பொத்தான் அழுந்தியபடியே இருக்கும். வலது கை பொத்தானைத் தட்டும், இடது கை தகட்டை வைக்கும். வேலை வேகமாக நடக்கும்.

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்பே எல்லா மெஷினையும் கழுவிப் பெயின்ட் அடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த வருடம் பச்சை. வாழைக் கன்று, மாவிலை, பொரி கடலை எல்லாம் தயார். கம்பெனி மேனேஜர் கிண்ணத்தில் சந்தனத்தைக் கரைத்துக்கொண்டு வரிசையாக ஒவ்வொரு மெஷினுக்கும் தன் கையாலேயே பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். ஸ்பானருக்குப் பொட்டு, சுத்தியலுக்குப் பொட்டு. மெஷின் ஒவ்வொன்றையும் அதில் வேலை செய்பவரோடு தனித்தனியாக எடுக்கச் சொல்லியிருந்தார்.

நான்காம் எண் பிரஸ்ஸுக்கு வந்தேன். பக்கத்தில் நின்ற பெண் நகரப் பார்த்தாள்.

"நீ நில்லும்மா. உன் மெஷின்தானே?"

"நா கான்ட்ராக்ட்டுண்ணா. போட்டோல வந்தா இன்னா சொல்லுவாங்களோ."

"நின்னா ஒண்ணும் ஆவாது. பேரு இன்னா?"

"எஸ்தர். எளாவூராண்ட." அப்புறம், மேனேஜர் என்னிடம் பிடிக்கக் கொடுத்திருந்த குங்குமத் தட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "எனுக்கு வெச்சிடாதீங்கண்ணா. எங்க அம்மா ஊட்லயே சேக்காது. மெஷினுக்கு வெச்சதே போதும்."

எடுத்தேன். பெயர் எழுதினேன். அடுத்த மெஷினுக்குப் போனேன்.

ஐந்து வாரம் கழித்துக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. விபத்து, உடனே வந்து படம் எடுக்க வேண்டும். நான் போனபோது எஸ்தரை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இடது கையில் நான்கு விரல்கள் போய்விட்டன. மெஷினைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். நான்காம் எண் என்று பார்த்ததும், ஆயுத பூஜைக்கு நின்ற அதே பெண் என்று தெரிந்தது.

விபத்துப் படத்துக்கு ஒரு முறை உண்டு. முதலில் தூரத்திலிருந்து முழு மெஷின். அப்புறம் ஆள் உயரத்தில் நடுத்தரம். அப்புறம் பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கிட்டப் படம். மேனேஜர் கூடவே நின்று சொல்லிக்கொண்டே வந்தார்.

"ரெண்டு பட்டனும் கிளியரா வரணும். ரெண்டும் வேலை செய்யுதுன்னு தெரியணும். கீழ பாருங்க, அந்தக் கட்டை. அதையும் எடுங்க. அவளே செருகியிருக்கா. இவங்கள வெச்சிக்கிட்டு என்ன செய்யறது, சொல்லுங்க?"

தரையில் ஒரு மரக் கட்டை கிடந்தது. புத்தம் புதுசு. அறுத்த வாசனை போகவில்லை. நான் ஸ்கேல் வைத்தேன், குனிந்தேன், எடுத்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மாணவி கேட்ட நடுநிலை இதுதான் என்றால், என் தொழில் வாழ்க்கையில் நான் நடுநிலையாக இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான். இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கடைக்கு வந்து உட்கார்ந்தேன். ஆயுத பூஜை நெகட்டிவ் உறையை எடுத்து, நான்காம் எண் பிரஸ்ஸை விளக்குப் பெட்டி மேல் வைத்துப் பூதக் கண்ணாடியில் பார்த்தேன். எஸ்தர் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் இடது பொத்தானில் கட்டை செருகியிருக்கிறது. உடனே ஒரு பிரிண்ட் போட்டேன். கட்டை பச்சையாக இருந்தது. பெயின்ட் அடித்தவன் கட்டையை உருவாமல், மெஷினோடு மெஷினாக அதற்கும் சேர்த்து அடித்துவிட்டான். அந்தப் பச்சைக் கட்டையின் நெற்றியில் அழகாகச் சந்தனமும் குங்குமமும். தினம் தினம் அங்கேயே பார்த்துப் பழகியதால் அது மெஷினின் ஒரு பாகமாகவே ஆகிவிட்டிருக்கிறது. பொட்டு வைத்தவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை, படம் எடுத்த எனக்கும் தெரியவில்லை. விபத்துக்கு அப்புறம் அதை உருவி மறைத்துவிட்டு, புதுக் கட்டை ஒன்றைத் தரையில் போட்டிருக்கிறார்கள்.

பத்து நாள் கழித்து எஸ்தர் வீட்டுக்குப் போனேன். கையில் பெரிய கட்டு. அவள் அம்மா ஒரு காகிதத்தை நீட்டினாள். 'என் சொந்தக் கவனக்குறைவால் பாதுகாப்புப் பொத்தானில் நானே கட்டையைச் செருகினேன்' என்று டைப் அடித்து, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. தொழிலாளி வேண்டுமென்றே பாதுகாப்புக் கருவியைச் செயலிழக்கச் செய்தால் நட்ட ஈடு கிடையாது என்று சட்டத்தில் ஒரு வரி உண்டு. அந்த வரிக்காகவே தயாரித்த காகிதம் அது. அதில் கையெழுத்து விழுந்தால் நட்ட ஈடும் இல்லை, தொழிற்பேட்டையில் வேறு எங்கேயும் வேலையும் இல்லை. மெஷினைக் கெடுத்தவள் என்ற பெயர் அவளுக்கு முன்னால் போய் ஒவ்வொரு கேட்டிலும் நிற்கும்.

"போட்ரு, போட்டா ஆஸ்பத்திரி செலவ பாத்துக்கறோம்னு சொல்றாங்கண்ணா," என்றாள் எஸ்தர். "நா சேந்த அன்னிக்கே அந்தக் கட்ட அங்க கீது. எடுக்கட்டான்னு கேட்டதுக்கு சூப்பர்வைசர் திட்டினாரு. இப்ப கையும் போச்சி, பொய்யும் நானே சொல்லணுமா?"

நான் பிரிண்ட்டைக் காட்டவில்லை. வேண்டுமென்றேதான் காட்டவில்லை. "ஆயுத பூஜைல எடுத்த உன் போட்டோ எங்களாண்ட கீதும்மா. எங்க ஸ்டுடியோவுல ஒரு சட்டம் கீது. போட்டோல கீறவங்க வந்து கேட்டா பிரிண்ட் குடுக்கணும். நீ வந்து உன் வாயால கேளு," என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த நாள் வரதன் சாரைக் கும்மிடிப்பூண்டிக்கு வரச் சொல்லி, படத்தை அவர் முன்னால் வைத்தேன். கம்பெனி வேலை போனால் கடை போய்விடும் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பூதக் கண்ணாடியை வெகுநேரம் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. "பொட்டு வேற வெச்சிருக்கான் பாவி," என்று முணுமுணுத்தார். கட்டுப் போட்ட கையோடு எஸ்தர் வந்து கேட்டாள். மூன்று பிரிண்ட் கொடுத்தோம். டெலிவரி நோட்டில் வலது கையால் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

யார் போய்ச் சொன்னார்களோ, மறுநாளே மேனேஜர் கார் கடை வாசலில் நின்றது. ஆயுத பூஜை நெகட்டிவ் முழுவதும் வேண்டும் என்றார். கம்பெனி பணம் கொடுத்து எடுத்த படம், கம்பெனி சொத்து என்றார்.

"பேஷா எடுத்துண்டு போங்கோ," என்றார் வரதன் சார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "முனுசாமி, நீங்கோ அந்த உறையை எடுத்துண்டு வாங்கோ."

என்னை நீங்கோ என்று சொன்னாரே தவிர, அவர் கோபம் என் மேல் இல்லை என்று குரலிலேயே தெரிந்தது. உறையைக் கொடுத்தேன். டெலிவரி நோட்டைத் திருப்பி மேனேஜர் முன்னால் வைத்தார். தன் அழகான கையெழுத்தில், 'நான்காம் எண் பவர் பிரஸ், எஸ்தருடன், இடது பொத்தானில் பச்சைக் கட்டை தெரிய' என்று எழுதி, பேனாவை நீட்டினார். மேனேஜர் உறைக்குள் எல்லாத் துண்டும் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்து எண்ணுவதிலேயே குறியாக இருந்தார். வருடக்கணக்காக அந்த நோட்டில் கையெழுத்துப் போட்டுப் பழகிய கை. வாசிக்காமல் போட்டுவிட்டுப் போனார்.

அமெரிக்காவில் துளை போட்டுக் கெடுத்தார்கள். எங்கள் ஊரில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். பிற்பாடு ஒருமுறை, "தெரிஞ்சுதான் சார் பண்ணீங்களா?" என்று கேட்டேன். "நோட்டுல கையெழுத்து வாங்கறது வழக்கம்தானேப்பா," என்றார். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒன்றும் வாங்க முடியவில்லை.

தொழிலாளர் துறை அதிகாரி முன்னால் விசாரணை, வரதன் சாரும் நானும் எஸ்தர் பக்கத்துச் சாட்சிகள். எஸ்தர் தன் பிரிண்ட்டைக் கொடுத்தாள். கம்பெனி வக்கீல் எழுந்து, இது கம்ப்யூட்டரில் செய்த மோசடி, உண்மையென்றால் நெகட்டிவ் எங்கே என்று கேட்டார். வரதன் சார் டெலிவரி நோட்டைத் திறந்து வைத்தார். அதிகாரி வரியைச் சத்தமாக வாசித்தார், கையெழுத்தைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார். நெகட்டிவ் தொலைந்துவிட்டது என்றார் மேனேஜர்.

அப்போது நான் கையைத் தூக்கினேன். கம்பெனியே தாக்கல் செய்த விபத்துப் படங்களில் பொத்தானின் கிட்டப் படத்தைப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டேன். நான் வாய் மூடி எடுத்த படம். இடது வளையத்தில் எல்லா இடத்திலும் பச்சைப் பெயின்ட் இருக்கிறது, ஒரு சின்னச் சதுரத்தில் மட்டும் இல்லை, பழைய சாம்பல் நிறம். கட்டை செருகியிருந்த இடத்தில் பெயின்ட் படவில்லை. அதிகாரி இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பூதக் கண்ணாடியால் மாறி மாறிப் பார்த்தார். பச்சைக் கட்டை இருக்கும் இடமும் சாம்பல் சதுரம் இருக்கும் இடமும் ஒன்றேதான். தரையில் கிடந்த புதுக் கட்டையின் படத்தைத் தள்ளி வைத்துவிட்டு, மேனேஜரைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இந்தக் கட்டைக்குப் பொட்டு வெச்சது யாருங்க?"

மேனேஜர் வக்கீல் பக்கம் திரும்பினார். எஸ்தர் என்னைப் பார்க்கவில்லை, மேனேஜரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எஸ்தர் மேல் தவறில்லை, கட்டையைச் செருகி வைத்திருந்தது நிர்வாகம்தான் என்று தீர்ப்பு எழுதப்பட்டது. நட்ட ஈடு வந்தது. எங்களுக்கு வரவேண்டியதும் வந்தது. அந்தக் கம்பெனி மட்டுமல்ல, அந்த வரிசையில் இருந்த ஒரு கம்பெனியும் அப்புறம் எங்களைக் கூப்பிடவில்லை. ஒரு வருடத்துக்குள் கும்மிடிப்பூண்டிக் கடையை மூடினோம். நான் கல்யாண வீடியோ எடுக்கப் போனேன், பள்ளிக்கூடத்துக் குரூப் போட்டோ எடுத்தேன், அப்படியே ஓய்வு பெறும் வயதும் வந்துவிட்டது. பிலிம் போய் டிஜிட்டல் வந்ததற்கு நான் அழவில்லை. கம்பெனியைப் பகைத்துக்கொண்டதற்கும் அழவில்லை. பிழைக்கத் தெரியாதவன் என்று சொன்னவர்கள் உண்டு. நானும் என் குடும்பமும் பிழைத்துத்தான் இருக்கிறோம்.

அந்தப் படத்தை எலனுக்கு அனுப்பலாமா என்று எஸ்தரைக் கேட்டிருந்தேன். "அமெரிக்காவுக்கு எதுக்குண்ணா? அங்க கீறவங்களா நம்ம பிரஸ்ஸ ஓட்றாங்க? இங்க காட்டு," என்றாள். அனுப்பவில்லை.

கடையை மூடுவதற்கு முன் கடைசியாக வந்தவர்களில் அவளும் ஒருத்தி. ஊத்துக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. அடையாள அட்டைக்குப் படம் வேண்டும். அன்று வரதன் சாரும் இருந்தார். எஸ்தரை உட்காரவைத்துவிட்டு, வழக்கமாக எல்லோருக்கும் செய்வதுபோல் நான் தோள் வரைக்கும் மட்டும் வைத்து ஃபோகஸ் செய்தேன். அவள் இடது கையைத் தூக்கி நெஞ்சுக்கு முன்னால் வைத்தாள்.

"கை வேணாம்மா. இதுக்கு மூஞ்சி மட்டும் இருந்தா போதும்," என்றேன்.

"அது ஒண்ணு எடுத்துக்கோண்ணா. எனுக்கு இன்னொண்ணு வேணும், கையோட. ஒளிச்சி வெச்சா நாந்தான் தப்பு பண்ண மாதிரி ஆயிடும்."

வரதன் சார் எழுந்து போய் விளக்கை அவள் கைப்பக்கம் திருப்பினார்.

"கண்ணை மூடிக்கோம்மா," என்றார்.

"எதுக்கு சார் மூடணும்?" என்றாள் எஸ்தர். "நா பாத்துக்கினேதான் கீறேன். எடுங்க."

எடுத்தேன்.